வரிதானா வழக்கு?

பள்ளி ஆண்டுவிழா என்றால் பாஞ்சாலங்குறிச்சி மேடையேறாத ஊர் நம் வட்டாரத்திலே அரிது. இராசபாளையத்திலும் சரி, திருவில்லிபுத்தூரிலும் சரி, அட்டைக் கிரீடமும் ஒட்டு மீசையும் சரிகைத்தாள் சுற்றிய வாளும் அணியமாகிவிடும். தொப்பியணிந்த சிறுவன் ஒருவன் ஜாக்சனாக வந்து வரி கேட்பான். கட்டபொம்மனாக வந்தவன் சீறுவான். ஏன் தரவேண்டும் என்பான். எங்களோடு வயலுக்கு வந்தாயா என்பது போலக் கணைகளைத் தொடுப்பான். கரவொலி கூரையைப் பிளக்கும். பெற்றோர் பூரிப்பர், ஆசிரியர் நிமிர்வர், பரிசு உறுதி!

அந்தக் கரவொலியை நாம் குறை கூறவில்லை. கைதட்டுவோர் வரிசையிலே நாமும் இருக்கிறோம். ஆனால், தட்டிய கை ஓய்ந்த பிறகு, தோழர்களே, ஒரு கேள்வி எழவேண்டாமா? கும்பினியாரை எதிர்த்து இந்த மண்ணிலே வாளெடுத்தவர்கள், வரி கேட்டான் என்பதற்காகத்தான் எடுத்தார்களா? வரிதானா வழக்கு? வழக்கு வரியோடு முடிந்ததென்றால், அவர்கள் தோற்றதற்குக் காரணம் பீரங்கி ஒன்றேதானா?

மேடையிலே ஒலிக்கும் அந்த உரையாடலுக்குத் தாயகம் 1959-இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படம். பந்துலு இயக்கினார், சக்தி கிருஷ்ணசாமி உரையாடல் தீட்டினார், சிவாஜி கணேசன் முழங்கினார். 1960-இல் கெய்ரோ நகரில் நடைபெற்ற ஆசிய ஆப்பிரிக்கப் படவிழா அவருக்குச் சிறந்த நடிகர் பரிசு வழங்கியது. தமிழ்ச்சொல்லுக்கு எத்துணை வலிமை உண்டு என்பதைப் பட்டிக்காட்டுக் கொட்டகையிலும் மெய்ப்பித்த படம் அது. அதை மறுப்பவர் தமிழின் சுவை அறியாதவர். எனினும், கலை தரும் மயக்கம் வேறு, வரலாறு தரும் விளக்கம் வேறு. படம் பார்த்தவன் மனத்திலே தங்குவது யாது? வரி தர மறுத்த வீரன், வரி கேட்ட வெள்ளையன், காட்டிக்கொடுத்த எட்டப்பன், இம்மூன்று உருவங்கள்தாம். ஏடுகளைப் புரட்டினால் தெரிவதோ இதனினும் பெரிய நாடகம்!

1798-ஆம் ஆண்டு மே இறுதியில் கட்டபொம்மன் செலுத்தவேண்டிய பாக்கி 3,310 வராகன். கலெக்டர் ஜாக்சன் தன்னை வந்து காணுமாறு ஆணையிட்டான். பாளையக்காரர் புறப்பட்டார். குற்றாலத்திலே காண முயன்றார்; காட்சி கிட்டவில்லை. திருவில்லிபுத்தூரிலே காண முயன்றார். இங்கும் கதவு திறக்கவில்லை. இராமநாதபுரத்துக்கு வா என்று உத்தரவு வந்தது. 23 நாட்கள், ஏறத்தாழ 400 மைல், ஒரு பாளையத்தின் தலைவர் ஒரு கலெக்டரின் பின்னாலே அலைந்தார். செப்டம்பர் 19-இல் இராமநாதபுரத்தில் பேட்டி நடந்தது. அவரையும் அமைச்சர் சிவசுப்பிரமணியரையும் மூன்று மணி நேரம் நிற்க வைத்தே கணக்குப் பார்த்தான் ஜாக்சன். பார்த்ததும் தெரிந்தது என்ன? பாக்கியிலே பெரும்பகுதி முன்னரே கட்டப்பட்டிருந்தது! எஞ்சியது 1,080 வராகன் மட்டுமே! அதன் பிறகும் அவரை விடுவதாக இல்லை. சிறைப்படுத்த முனைந்தனர், கைகலப்பு மூண்டது, லெப்டினன்ட் கிளார்க் மாண்டான், கட்டபொம்மன் தப்பினார், அமைச்சர் பிடிபட்டார். கட்டபொம்மனின் முறையீட்டின் மேல் சென்னை அரசாங்கமே விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அமைச்சர் விடுதலை பெற்றார். ஜாக்சன் பதவி இழந்தான்.

இதையல்லவா மேடையேற்ற வேண்டும்! வரி தர மறுத்தவரை விட, வரி கட்டியும் வாசலிலே நிறுத்தப்பட்டவர் நம் நெஞ்சை ஆழமாகத் தொடமாட்டாரா? திருவில்லிபுத்தூர்த் தெருவிலே காத்திருந்த அந்தக் காத்திருப்பிலே இருக்கிறது வழக்கின் உயிர்நாடி. கேட்கப்பட்டது காசு. பறிக்கப்பட்டது, தன் மண்ணிலே தான் நிமிர்ந்து நிற்கும் உரிமை. கணக்கைக் கேட்க இவன் யார், தீர்ப்பைச் சொல்ல இவனுக்கு அதிகாரம் தந்தவர் யார் என்பதே வினா.

அதிகாரம் தந்தவர் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி. கடன் வாங்கினார், கடனுக்கு ஈடாக நாட்டை வைத்தார். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வரியைத் தண்டக் கும்பினிப் படை 1755-இலேயே கர்னல் ஹெரான் தலைமையில் இறங்கிவிட்டது. 1792 உடன்படிக்கையின்படி பாளையக்காரரிடம் கப்பம் வாங்கும் உரிமை கும்பினியின் கைக்கே போயிற்று. ஊரைக் காவல் காத்து, அதற்குக் காவற்கூலி பெற்று, வழக்குத் தீர்த்து, படை வைத்து வாழ்ந்தவர்கள் பாளையக்காரர்கள். அவர்களுடைய நாட்டை, அவர்களைக் கேளாமலே, ஒருவர் அடகு வைத்தார். இன்னொருவர் மீட்டெடுத்துக் கொண்டார். அடகுக் கடைக்குப் போன அணிகலன் அழுவதில்லை. அடகு வைக்கப்பட்ட நாடு அழுதது, பிறகு ஆர்த்தெழுந்தது!

இதே காலத்திலே, கடலுக்கு அப்பாலே, அமெரிக்காவில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். அங்கே குடியேறியிருந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயரின் சொந்த இரத்தம்; அவர்களே ஆங்கில மன்னனை எதிர்த்து எழுந்தார்கள். 1765-இல் முத்திரைத்தாள் வரி வந்தது. எங்கள் உறுப்பினர் அமராத நாடாளுமன்றம் எங்களுக்கு எப்படி வரி போடலாம் என்றார்கள். 1773 டிசம்பர் 16 இரவு, பாஸ்டன் துறைமுகத்திலே 342 பெட்டித் தேயிலையைக் கடலிலே கொட்டினார்கள். அந்தத் தேயிலை யாருடையது? நம் நாட்டிலே வரி தண்டிய அதே கிழக்கிந்தியக் கும்பினியுடையது! இன்னும் ஒரு செய்தி கேளுங்கள். அந்த ஆண்டுச் சட்டத்தால் தேயிலையின் விலை குறைந்தது. விலை குறைந்த தேயிலையைத்தான் கொட்டினார்கள்! கையிலே மிஞ்சும் காசைப் பார்த்திருந்தால் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். உரிமையைப் பார்த்தார்கள், கடல் தேநீரானது! வழக்கு அங்கேயும் வரியின் அளவு பற்றியதாக இல்லை.

1781-இல் யார்க்டவுனிலே அமெரிக்கரிடம் சரணடைந்த படையின் தலைவன் காரன்வாலிஸ். அதே காரன்வாலிஸ்தான் 1786-இல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவிலே இறங்கினான். 1792 உடன்படிக்கை அவன் காலத்ததே. அங்கே தோற்றவன் இங்கே வென்றான். அங்கே வென்ற மக்களுக்கும் இங்கே தோற்ற மக்களுக்கும் இடையே என்ன வேற்றுமை? வீரத்திலே வேற்றுமையா? பாஞ்சாலங்குறிச்சியின் மண்கோட்டையை 1801-இல் முற்றுகையிட்ட படையிலே இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி, பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பிலே எதிரியின் வீரத்தை வியந்திருக்கிறான். வீரம் குறைவாக இல்லை. குறைந்தது எது என்று பார்ப்போம்.

நம் ஊரைச் சுற்றிப் பாருங்கள். இராசபாளையம் என்று நாள்தோறும் உச்சரிக்கிறோம். பாளையம் என்னும் சொல் நம் நாவிலேயே குடியிருக்கிறது. அருகே சேத்தூர், கொல்லங்கொண்டான். தெற்கே சிவகிரி, வாசுதேவநல்லூர், நெற்கட்டுஞ்செவல். மேற்குத் தொடர்ச்சி மலை அரணாக நிற்க, வரிசையாகப் பாளையங்கள். நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவர் 1755-இல் ஹெரானுக்குப் பணிய மறுத்தார், கோட்டை அசையவில்லை, ஹெரான் திரும்பினான், பின்னர் விசாரணைக்கு ஆளாகிப் பதவியும் இழந்தான். மேற்குப் பாளையங்களை ஒன்று சேர்க்கப் பூலித்தேவர் அரும்பாடுபட்டார். ஆனால் மேற்கு மறவர் பாளையங்கள் ஒருபுறம், கிழக்கு நாயக்கர் பாளையங்கள் மறுபுறம்! எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் அந்தக் கூட்டணியிலே இல்லை. துணையாக இருந்த திருவிதாங்கூர் 1759-இல் கும்பினிப் படைத்தலைவன் யூசுப்கான் பக்கம் சாய்ந்தது. 1761 சனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. பிரெஞ்சுக்காரர் துணை என்ற நம்பிக்கையும் அதனோடு வீழ்ந்தது. அதே ஆண்டிலே நெற்கட்டுஞ்செவல் யூசுப்கானிடம் வீழ்ந்தது. அந்த யூசுப்கானே பின்பு நவாபையும் கும்பினியையும் எதிர்த்தெழுந்து 1764-இல் மதுரையிலே தூக்கிலேறினான். ஒருவன் எழும்போது மற்றவன் எதிரியின் பாசறையிலே. மற்றவன் எழும்போது முன்னவன் மண்ணிலே!

நாற்பதாண்டு கழிந்தது, பாடம் படித்தார்களா? 1799-இல் கட்டபொம்மன் கூட்டணி தேடினார். நாகலாபுரம், கோலார்பட்டி முதலிய பாளையங்கள் இசைந்தன. மலையடிவாரத்துச் சிவகிரி கிடைத்தால் அரண் கிடைக்கும் என்று அங்கே படை நகர்ந்தது. சிவகிரிப் பாளையக்காரரோ கும்பினிக்குக் கப்பம் கட்டுபவராகவே நின்றார். அவ்வாண்டு மே 4-இல் சீரங்கப்பட்டணத்திலே திப்பு மாண்டார். தெற்கே திரும்பக் கும்பினிக்கு ஓய்வு கிடைத்தது. செப்டம்பர் 5-இல் பானர்மன் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. புதுக்கோட்டை பிடித்துக்கொடுத்தது. அக்டோபர் 16-இல் கயத்தாற்றிலே தூக்குமரம். முன்னர் பூலித்தேவரோடு பாஞ்சாலங்குறிச்சி சேரவில்லை. பின்னர் பாஞ்சாலங்குறிச்சியோடு சிவகிரி சேரவில்லை. இதற்கு யாரைக் குற்றஞ்சாட்டுவது?

திரைப்படம் விடையை எளிதாக்கிவிட்டது. எட்டப்பன்! ஒரு பெயரைச் சொல்லிக் காறியுமிழ்ந்தால் கடமை தீர்ந்தது. எட்டயபுரம் கும்பினியோடு நின்றது உண்மை, அதை மறைப்பாரில்லை. ஆனால் ஒரு மனிதனின் கெட்ட மனத்தாலே ஒரு நாடு வீழ்ந்தது என்னும் கதை, குழந்தைக்குச் சொல்லும் பூச்சாண்டிக் கதை. தனித்தனிப் பாளையம், தனித்தனிக் குலம், தனித்தனிப் பெருமை என்று பிரிந்து கிடந்த அமைப்பிலே, எட்டயபுரத்தார் இல்லாவிட்டால் வேறொருவர் அந்த வேலையைச் செய்திருப்பார். வர்ஜீனியாவிலே பிறந்த வாசிங்டன், 1775-இல் மாசசூசெட்சுப் படைக்குத் தலைமை ஏற்றான். அந்த நாட்டார் ஏற்றனர். அதற்கு முந்திய ஆண்டிலேயே பன்னிரண்டு குடியேற்றங்களின் பேராளர்கள் பிலடெல்பியாவிலே ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பேசியிருந்தார்கள். நம் பாளையங்களுக்கு அப்படி ஒரு கூரை வாய்க்கவில்லை. துரோகியைத் திட்டுவது எளிது. கூரை கட்டுவது கடினம். படம் எளியதைச் செய்தது.

கூரை கட்ட முயன்ற ஓர் ஏடு உண்டு. 1801 சூன் 16-இல் மருது பாண்டியர் வெளியிட்ட அறிக்கை. திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கக் கோவில் மதிலிலும் ஒட்டப்பட்டது. தமிழகத்து அரசியல் உரைநடையிலே அதற்கு உரிய இடத்தை நம் இலக்கிய ஆசிரியர்கள் இன்னும் தரவில்லை. ஒரு பாளையத்தாரை விளிக்காமல் நாவலந்தீவின் மக்கள் அனைவரையும் விளிக்கிறது அது. வெள்ளையன் வஞ்சனையால் நாட்டைக் கவர்ந்தான் என்கிறது. அவனைத் திட்டுவதோடு நில்லாமல், உங்களிடையே ஒற்றுமை இல்லாததே இதற்கு வழி வகுத்தது என்று தன்னவரையும் இடித்துரைக்கிறது. உழவன், வணிகன், கும்பினிப் படையிலே கூலிக்கு நிற்கும் சிப்பாய் வரை அழைக்கிறது. சோறு கஞ்சியான கொடுமையைச் சொல்கிறது. பாளையக்காரரின் மானத்தைப் பேசியவர்கள் பலர். ஏழையின் வயிற்றைப் பேசிய போர் அறிக்கை இது! திரையிலே இடி முழங்கிய உரையாடலை விட, மதிலிலே ஒட்டிய இந்தத் தாள் பெரிது என்று நாம் தயங்காமல் கூறுவோம்.

பெரிது என்பதாலேயே அதன் குறையையும் கூறவேண்டும். போற்றிப் பாடுவது திறனாய்வு ஆகாது. நால்வருணத்தாரையும் முசல்மான்களையும் பெயர் சொல்லி அழைக்கும் அறிக்கை, அந்த நான்குக்கும் அப்பால் தள்ளப்பட்டவனைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. மீசை வைத்தோரெல்லாம் வாரீர் என்கிற அந்த அழைப்பிலே பெண்ணுக்கு இடமில்லை. ஆனால் 1780-இல் சிவகங்கையை மீட்டவர் வேலுநாச்சியார் என்னும் பெண்! வெள்ளையனை விரட்டிய பிறகு என்ன? ஆர்க்காடு நவாபுக்கு, தஞ்சை அதன் மன்னருக்கு, அவரவர் பரம்பரை அவரவருக்கு என்று பழைய ஏற்பாட்டையே திரும்பத் தருகிறது. வராதவனுக்குப் பாவம் சேரும் என்று அச்சுறுத்துகிறது. அறிவை நோக்கித் தொடங்கிய அழைப்பு, சாபத்திலே போய் முடிகிறது.

1776-இல் அமெரிக்கர் வெளியிட்ட பிரகடனம் மனிதர் அனைவரும் சமம் என்று கூறிற்று. அது மட்டும் முழு வாய்மையா? எழுதியவர்களின் தோட்டங்களிலேயே கறுப்பின அடிமைகள் புகையிலை விளைத்து மடிந்தார்கள். 1865 வரை அடிமைமுறை சட்டப்படி நிலைத்தது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. எழுதி வைத்த சொல், எழுதியவனையே திரும்பக் கேள்வி கேட்டது. சமம் என்றாயே, நான் எங்கே என்று அடிமை கேட்க அந்தச் சொல் உதவியது. நம் அறிக்கையிலே அப்படி ஒரு சொல்லை உழவனுக்கு எழுதி வைக்கவில்லை. பாளையக்காரருக்குக் காவற்கூலி கொடுத்தவனும் அவனே. கும்பினி வந்தால் கும்பினிக்குக் கொடுக்கப் போகிறவனும் அவனே. அவன் உயிர் கொடுத்தான், மானம் கருதி. அவனுக்கு என்ன கொடுக்கப்படும் என்பதை எவரும் எழுதித் தரவில்லை.

முடிவு நாம் அறிந்ததே. 1801 மே 24-இல் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை வீழ்ந்தது. அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரிலே தூக்கிலேறினர். நவம்பர் 16-இல் ஊமைத்துரையின் தலை வெட்டப்பட்டது. எழுபத்து மூன்று பேர் 1802-இல் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். கோட்டைகள் இடிந்தன, ஆயுதங்கள் பறிபோயின. எஞ்சிய பாளையக்காரர்? சமீன்தார் ஆனார்கள்! சேத்தூர்ச் சமீன், சிவகிரிச் சமீன் என்று பட்டமும் பல்லக்கும் நிலைத்தன. வாளைக் கீழே வைத்தவருக்கு வாரிசுரிமை கிடைத்தது. ஏரைக் கீழே வைக்காதவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. 1948-இல் சென்னை மாகாணத்திலே சமீன் ஒழிப்புச் சட்டம் வரும் வரை அவன் காத்திருக்க நேர்ந்தது. நூற்றைம்பது ஆண்டுக் காத்திருப்பு!

சரி, பழங்கதை என்று விட்டுவிடலாமா? விடமுடியாது, தோழர்களே! கட்டபொம்மன் படையிலே கவர்ணகிரி ஊரைச் சேர்ந்த சுந்தரலிங்கம் என்னும் வீரர் இருந்தார். சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட மக்களிடையே பிறந்தவர். வெள்ளையர் வெடிமருந்துக் கிடங்கிலே பாய்ந்து தன்னையும் எரித்துக்கொண்டார் என்பது மக்கள் வழக்கு. 1997-இல், நம் விருதுநகர் மாவட்டத்துக்கென அமைந்த அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. என்ன நடந்தது? அந்தப் பெயர் தாங்கிய பேருந்திலே ஏறமாட்டோம் என்றனர் சிலர். இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரம் உட்படத் தென்மாவட்டங்களிலே தீ எரிந்தது, உயிர்கள் போயின. அதே ஆண்டு சூலையில், போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் சூட்டிய தலைவர் பெயர்கள் யாவற்றையும் அரசு நீக்கிவிட்டது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. வெள்ளையனுக்கு எதிராக உயிர் கொடுக்கலாம். பேருந்தின் நெற்றியிலே பெயர் இருக்கக் கூடாது! என்னே நம் நன்றியுணர்ச்சி!

இன்று பூலித்தேவருக்கு ஒரு கூட்டம், ஒண்டிவீரனுக்கு ஒரு கூட்டம், கட்டபொம்மனுக்கு ஒரு கூட்டம், சுந்தரலிங்கனாருக்கு ஒரு கூட்டம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒவ்வொரு கொடி. ஒவ்வொரு கொடிக்கும் ஒவ்வொரு சாதி. பூலித்தேவரும் ஒண்டிவீரனும் ஒரே படையிலே நின்றார்கள் என்று வழக்கு சொல்கிறது. அவர்களை வணங்குவோர் ஒரே தெருவிலே நிற்க மறுக்கிறார்கள். கும்பினியாரை எதிர்த்தவர்கள் தாண்டமுடியாத தடை பீரங்கியல்ல, இதுதான். பீரங்கிகள் துருப்பிடித்து அருங்காட்சியகம் போய்விட்டன. தடை மட்டும் துருப்பிடிக்காமல் நம் தெருமுனையிலே நிற்கிறது.

ஆகவே எழுத்தாள இளைஞர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்று. அடுத்த நாடகம் எழுதுகையில் மீசையை முறுக்குவதோடு நிறுத்தாதீர். வரி கட்டிய பின்னரும் வாசலிலே நின்ற அந்த 23 நாட்களை எழுதுங்கள். சிவகிரி ஏன் வரவில்லை என்பதை எழுதுங்கள். மதிலிலே ஒட்டிய தாளை எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஓர் உழவனை மேடையேற்றி, இதில் எனக்கு என்ன என்று அவனைக் கேட்கவிடுங்கள். அந்தக் கேள்விக்கு மருது பாண்டியரால் விடை எழுத முடியாமற் போயிற்று. காலம் அவருக்கு நான்கு மாதமே கொடுத்தது. நமக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கொடுத்திருக்கிறது. விடையை எழுதவேண்டியவர்கள் நாம்!